வலது பக்கத்து மட்கார்டு

நான்கு டயர்களையும் ஜீப்பின் பின்பக்கம் அடுக்கிக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆத்மநாதன் வந்து இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். வியாழக்கிழமை. நான்கு நாளாக விடாமல் அடித்த ஐப்பசி மழை அன்றைக்கு மட்டும் விட்டிருந்தது. கறம்பக்குடியில் பட்டுக்கோட்டை போகிற சாலையில் என் டயர் கடையும் எழிலரசனின் டிங்கர் பட்டறையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கின்றன. நடுவில் சுவர் கிடையாது. அவன் சுத்தியல் அடித்தால் என் டீ கிளாஸ் குலுங்கும்.

கயிற்றை அவிழ்த்து முதல் டயரைக் கீழே தள்ளினேன். விழுந்த சத்தத்தில் எதிரே படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. இருபத்திரண்டு வருசமாக டயர் கழற்றி மாட்டுகிறேன், அப்படி ஒன்றைக் கையால் தொட்டதில்லை. மேலே புடைத்து நிற்கிற ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் அரைச் செங்கல் கனம். இடையில் என் நாலு விரலும் புதைகிற பள்ளம். பழைய டயரின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நாலு விரற்கடை உயரம் கூடுதல், அகலமும் அதற்கேற்ற மாதிரி. கோயம்புத்தூரில் யாரோ மலைப்பாதைப் பந்தயத்துக்கு வாங்கி ஓட்டிவிட்டு விற்றதாம்.

"மாட்டிரலாம்ணே. ஆனா ஓடாது" என்றேன். "வண்டி நேரா நிக்கையில ஒண்ணும் தெரியாது. ஸ்டியரிங்க ஒடிச்சு ஒரு பள்ளத்துல எறக்குனீங்கன்னா டயரு மேல ஏறி மட்கார்டக் கடிச்சுக்கிரும். அதோட நின்னுரும்."

"அதுக்குத்தான் தம்பி இங்கிட்டு வந்தேன். அறந்தாங்கியில மூணு பட்டறையில கேட்டுட்டேன். மட்கார்ட வெட்ட மாட்டோம்னுட்டாக. மஸ்கட்டுல பாலைவன வண்டிக்கு இந்த வேலை பாத்தவரு ஒருத்தரு கறம்பக்குடியில இருக்காருன்னு சொன்னாக."

எழிலரசன் அப்போதுதான் பட்டறைக்குள்ளிருந்து வந்தான். எட்டு வருசம் மஸ்கட்டில் இருந்தவன். அங்கே அரபிகள் மணல்மேட்டில் ஏற்றுவதற்காகப் புது வண்டியையே மட்கார்டை அறுத்துக் கொடுக்கச் சொல்வார்களாம். ஊருக்கு வந்த பிறகு அந்த வேலை கேட்டு ஒருத்தரும் வரவில்லை. ஆட்டோ நசுங்கல், பஸ் கதவு, டிராக்டர் டிரெய்லர் என்றே ஐந்து வருசம் போயிற்று. டயரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதைக் கவனித்தேன்.

"எதுக்குண்ணே இவ்வளவு பெரிய டயரு? ஆர்டிஓ கேப்பானே" என்றான்.

"கேட்டா பதில் சொல்லிக்கிறேன். ஆளு இருக்கணும்ல மொதல்ல."

ஆத்மநாதனின் ஊர் ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே. தார்ச்சாலையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் கண்மாய்க்கரை வழியாகப் போகவேண்டும். எங்கள் பக்கம் செம்மண், பெய்கிற மழையைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அங்கே களிமண். மழைக்காலத்தில் மாட்டு வண்டிகூட அச்சுவரை இறங்கிவிடும் என்றார். அவர் மனைவி சின்னப்பிள்ளைக்கு ரெண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருசமாகிறது. புதனும் சனியும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறி நுரையீரலுக்குப் போய்விடும்.

"போன வருசம் இதே ஐப்பசியில வண்டி மாட்டிக்கிருச்சு. டிராக்டரக் கொண்டாந்தோம், அதுவும் எறங்கிருச்சு. கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். பாதி வழியில மூச்சு முட்டிக் கண்ணு சொருகிருச்சு. தார்ரோட்டுல ஆம்புலன்சு வந்து குழாய் வச்ச பெறகுதான் உசிரு வந்துச்சு. நேத்துப் புதங்கிழமை எப்புடியோ தட்டுத்தடுமாறி வந்துட்டேன். சனிக்கெழமை இந்தப் பழைய டயர வச்சு ஒண்ணும் முடியாது."

"புதுக்கோட்டையில ஒரு ரூம்பு எடுத்து வச்சிரலாமேண்ணே?" என்றேன்.

"மாட்டேங்குறா. சாவுறதா இருந்தாலும் எம்மாடு கன்னப் பாத்துக்கிட்டே சாவுறேங்குறா."

பட்டறை மூலையில் தையல் மிஷின் நின்றுவிட்டது. வனிதா, எழிலரசனின் மனைவி. ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் ரெக்சின் கூரை, சீட் உறை எல்லாம் தைப்பது அவள்தான். இடையிடையே எங்கள் தெருப் பெண்களுக்கு ரவிக்கையும். அவள் எழுந்து வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"சனிக்கெழமை எத்தனை மணிக்குண்ணே அங்க இருக்கணும்?"

"பத்து மணிக்கு, தங்கச்சி."

"அப்ப நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள வேலை முடியணும்" என்று புருசனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கிரைண்டரின் வயரை இழுத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமாக மதியம் ஒரு தூக்கம் போடுகிறவன். அன்று இடுப்பு நிமிரவில்லை. பின்பக்க வளைவுகள் ரெண்டையும் மதியத்துக்குள் முடித்தான். வெட்டிய ஓரத்தைச் சுத்தியலால் உள்ளே மடித்து, அரம் போட்டு, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "வாரேன், வாரேன்" என்றான். வரவில்லை. முன்பக்கம் இடதை முடிக்கும்போது மணி ஐந்து. வலதில் கிரைண்டரை வைத்து ஒரு சாண் ஓடியிருக்கும். டப்பென்று ஒரு சத்தம். டயர் வெடித்ததென்று நினைத்து என் கடைப் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் எழிலரசன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். கட்டிங் வீல் உடைந்து ஒரு துண்டு கட்டைவிரலுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போயிருந்தது.

வனிதா கத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியையே சுற்றி அழுத்திப் பிடித்தாள். என் வண்டியில் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு பட்டிருக்கிறது என்று புதுக்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆத்மநாதன் பட்டறையிலேயே தங்கிவிட்டார். ஊருக்குப் போக அவருக்கு வண்டி இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ரெண்டு பேரும் வந்து இறங்கினார்கள். பதினோரு தையல். முழங்கை வரை மாவுக்கட்டு. நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், விரல் மடங்குமா என்பது ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரியும் என்று சொன்னார்களாம். எழிலரசன் பெஞ்சில் உட்கார்ந்தவன் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வளைவுகள் வெட்டி முடிந்து அழகாக இருந்தன. நாலாவதில் ஒரு சாண் கீறல் மட்டும், பாதியில் நின்ற வாய் மாதிரி.

நான் போனைப் போட ஆரம்பித்தேன். கந்தர்வக்கோட்டையில் ஒரு டிங்கர், மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குத் திருச்சி போய்விட்டார். ஆலங்குடியில் ஒருவர், இன்னொருத்தன் கைவைத்த வேலையில் நான் கைவைக்க மாட்டேன் என்றார். உள்ளூர்க்காரர் ஒருவர் நேரிலேயே வந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார்.

"அடுத்த வாரம் எதுக்கு?" என்று ஆத்மநாதன் அமைதியாகக் கேட்டார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற மழைக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"நீங்களாச்சும் வெட்டி விடுங்க தம்பி. கோணையா இருந்தாலும் பரவாயில்ல" என்றார் ஆத்மநாதன் என்னிடம்.

"எனக்கு ரப்பரு தெரியும்ணே. இரும்பு தெரியாது. ஏடாகூடமா வெட்டி உள்ள போற பிரேக் பைப்ப அறுத்துட்டேன்னா வண்டி இங்கேயே நிக்கும்."

"நான் வெட்டுறேன்" என்றாள் வனிதா.

அவள் கூந்தலை முடிந்துகொண்டே சொன்னதால், ஏதோ காய்கறி வெட்டுவதைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் பட்டது.

எழிலரசன் தலையைத் தூக்கினான். "வெளையாட்டா இருக்கா ஒனக்கு? என் கையப் பாத்தேல்ல?"

"பாத்தேன். ராத்திரி பூரா அதத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தவ நான்தானே."

"அப்பறம் என்ன?"

"வீலு ஏன் ஒடஞ்சுச்சுன்னும் பாத்தேன். நீங்க சோறு திங்காம நின்னீங்க. கை தளந்து போயி வீலச் சாச்சுட்டீங்க. சாஞ்சா அது ஒடையும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். கூரைக் கம்பி வெட்டையில நான் புடிச்சதில்லையா கிரைண்டர?"

"கம்பி வேற, மட்கார்டு வேற, புள்ள. கம்பி தப்பாப் போனா வேற கம்பி. இது அடுத்தவுக வண்டி."

"தெரியும்." பிறகு குரல் தணிந்து வந்தது. மழையில் நாங்கள் கிட்டே போய்க் கேட்கவேண்டியிருந்தது. "ஒங்களுக்குத் தையல் போட்டுக்கிட்டு இருக்கையில நான் வராண்டாவுல நடந்து போனேன். ஒரு கண்ணாடிக் கதவு. உள்ள வரிசையா கட்டிலு. ஒரு மனுசனோட ரத்தம் பூரா குழாயில வெளிய வந்து, ஒரு மிஷினுக்குள்ள போயி, திரும்ப ஒடம்புக்குள்ள போகுது. அந்தாளு பேப்பரு படிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. நான் அங்கேயே நின்னுட்டேன். இவ்வளவு பெரிய காரியம் நடக்குது அங்க. நம்ம ஒரு தகரத்த வெட்ட முடியலன்னா அந்தக்கா அங்க போய்ச் சேராது."

எழிலரசன் இடது கையால் பெஞ்சில் கிடந்த பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினான்.

அவள் சேலைக்கு மேல் அவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, முந்தானையை இறுக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டினாள். முதலில் கிரைண்டரைத் தொடவில்லை. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, இடது பக்கம் எழிலரசன் வெட்டிய வளைவின்மேல் வைத்து அழுத்தி, ஓரத்தை நகத்தால் கீறிக் கத்தரித்தாள். அந்தத் தாளைத் திருப்பி வலது பக்கம் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கே உயிர் வந்தது. கோடு போட்டு வெட்டவேண்டியதுதான் பாக்கி.

அவள் கோடு போடவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு புது டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இங்க புது டயர மாட்டி, ஜாக்கியப் போட்டு இந்தச் சக்கரத்த மட்டும் ஏத்துங்க. எவ்வளவு ஏறுமோ அவ்வளவும்."

"எதுக்குத் தங்கச்சி? அளவுதான் சரியா இருக்கே" என்றார் ஆத்மநாதன்.

"நிக்கையில சரியா இருக்குண்ணே. ரவிக்கைக்குக் கைய மேல தூக்கச் சொல்லித்தான் நான் அளவெடுப்பேன். தொங்க விட்டு எடுத்தா போட்டுப் பாக்கையில நல்லாத்தான் இருக்கும். மாவாட்ட ஒக்காந்தா கக்கத்துல தெறிச்சுப் போயிரும்."

டயரை மாட்டி, ஜாக்கியை வைத்து ஏற்றினேன். ஸ்பிரிங் பட்டை சுருங்கிச் சக்கரம் மேலே போனது. ஆத்மநாதனை ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னாள். டயர் திரும்பியது. திரும்பித் தாளில் போய் முட்டி, அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. ரெண்டு விரற்கடை.

வனிதா குனிந்து கிழிந்த இடத்தை விரலால் அளந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல" என்றாள் வனிதா. "இங்கிட்டுச் சக்கரம் பின்னாடி ஒக்காந்திருக்கு. அண்ணே, வண்டி எங்கயாச்சும் மோதுச்சா?"

ஆத்மநாதன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "மூணு வருசத்துக்கு முந்தி. பனைமரத்துல. அச்ச நிமித்தித்தான் குடுத்தாக."

எழிலரசன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "நேத்து நான் இடது பக்கத்து அளவத்தான் இங்கயும் வச்சேன்" என்றான். அவன் கை கிழிபடாமல் வேலை முடிந்திருந்தால், அந்த ஜீப் கண்மாய்க்கரையில் சின்னப்பிள்ளையோடு மாட்டி நின்றிருக்கும்.

வனிதா தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக அளவெடுக்க ஆரம்பித்தாள். சக்கரத்தை ஏற்று, இறக்கு, இங்கிட்டு ஒடி, அங்கிட்டு ஒடி. பத்துத் தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் டயர் எங்கே வருகிறதோ அங்கே ஒரு புள்ளி. கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தபோது வந்த கோடு இடது பக்கத்து வளைவைப் போல வட்டமாக இல்லை. பின்பக்கம் சரிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

கிரைண்டரைப் போட்டாள். எத்தனையோ பேர் இரும்பு வெட்டிப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் பிடிக்கிறவர்கள் அழுத்துவார்கள். அவள் அழுத்தவில்லை. வீல் தானாகப் போகிற அளவுக்கு விட்டு, கூடவே உடம்பைக் கொண்டுபோனாள். தீப்பொறி அவள் சட்டையில் பட்டுத் தெறித்துத் தரையில் கிடந்த மழைத்தண்ணீரில் விழுந்து சுர்ரென்று அணைந்தது. எழிலரசன் அவளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றான். அவள் கை அசைகிற போதெல்லாம் அவன் இடது கையும் தன்னையறியாமல் அசைந்தது.

பாதி வெட்டியிருக்கையில் கரண்டு போனது.

"நல்லதாப் போச்சு. சாப்புட்டுருவோம்" என்றாள் அவள். வீடு பட்டறைக்குப் பின்னால்தான். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். எழிலரசனுக்கு வலது கை இல்லை, இடது கையால் சாப்பிடக் கூச்சம். அவள் ஒரு தட்டில் பிசைந்து உருண்டையாக்கி அவன் வாயில் கொடுத்தாள். அவன் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தின்றான். நானும் ஆத்மநாதனும் மழையைப் பார்த்தோம்.

அப்போது அவர் போன் அடித்தது. சின்னப்பிள்ளை. காது மந்தம் என்பதால் அவர் சத்தமாக வைத்துப் பேசுகிறவர்.

"என்னங்க, வண்டி முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுரும். ஒனக்கு எப்புடி இருக்கு?"

"காலு ரெண்டும் வீங்கிருச்சு. படுத்தா மூச்சு வாங்குது, ஒக்காந்தே இருக்கேன். கண்மா நெறஞ்சு வழியுதுங்க. வீட்டச் சுத்தித் தண்ணி. எங்கிட்டுத் திரும்பினாலும் தண்ணி. எனக்கு மட்டும் குடிக்க ஒரு நாளைக்கு அரை லிட்டருதான்." சிரித்தாள். மூச்சு இழுத்துக்கொண்டு வந்த சிரிப்பு. "காலையில இருந்து ஒரு தம்ளர வச்சுக்கிட்டு நாக்க நனச்சுக்கிட்டு இருக்கேன்."

வனிதா எட்டிப் போனை வாங்கினாள். "அக்கா, நான் பட்டறையில இருந்து வனிதா பேசுறேன். காலையில ஏழு மணிக்கெல்லாம் வண்டி ஒங்க வாசல்ல நிக்கும். சேலைய மாத்திக்கிட்டு ரெடியா இருங்க."

"வண்டி வேலை பாக்குறவுக வீட்டுப் பொம்பளையா ஆத்தா நீ?"

"ஆமாக்கா" என்றாள் வனிதா. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கரண்டு வந்தது இரண்டரைக்கு. மேல் வளைவு முடிந்தது. கீழே பின்மூலைதான் சிக்கல். அங்கே தகரம் ரெண்டு மடிப்பாக ஒன்றோடொன்று பற்றவைத்து இருக்கும். அதற்குப் பின்னால்தான் கதவைத் தாங்குகிற தூண். அவள் போட்ட கோடு சரியாக அந்தப் பற்றவைப்பின்மேல் போனது.

"அந்த எடத்த வெட்டிராத" என்று எழிலரசன் கத்தினான். "பிரிஞ்சுரும். கதவு தொங்கிப் போயிரும்."

"வெட்டல. மடிக்கப் போறேன்."

"அது மடங்காது புள்ள. வளைவுல இருக்குற ஓரம். அடிச்சா சுருங்கிக்கிட்டு வெளிய வரும்."

அவள் கேட்டாளோ இல்லையோ. கிரைண்டரின் நுனியை வைத்து அந்த ஓரத்தில் ஒரு விரல் இடைவெளிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வாய் விட்டாள். பற்றவைத்த இடத்துக்குக் கொஞ்சம் முன்பே ஒவ்வொன்றும் நின்றது. ஒன்பது வாய். பிறகு சுத்தியலை எடுத்து முதல் இதழைத் தட்டினாள். உள்ளே படிந்தது. இரண்டாவது, அதன்மேல் கொஞ்சம் ஏறிப் படிந்தது. ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக மீன் செதில் மாதிரி படிந்து முடிந்தபோது ரெண்டு விரற்கடை இடம் கிடைத்திருந்தது. பற்றவைப்பு பிரியவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார் ஆத்மநாதன். பழைய சத்தம்தான்.

"கழுத்துப் பட்டி மடிக்கையில இப்புடித்தானே வெட்டி விடுவோம். இல்லாட்டி துணி சுருங்கும்" என்றாள், ஏதோ மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எழிலரசன் முட்டி போட்டு உட்கார்ந்து இடது கை விரல்களை அந்தச் செதில்களின்மேல் ஓட்டினான். திரும்ப ஓட்டினான். "இத எனக்கு மஸ்கட்டுல ஒருத்தன் காட்டிக் குடுத்தான்" என்றான் என்னைப் பார்த்து. "ரெண்டு வருசம் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்த பெறகு காட்டுனான். இவளுக்கு நான் சொல்லல சரவணக்குமாரு. சத்தியமா சொல்லல."

அவன் கண் கலங்கியதா, கிரைண்டர் தூசியா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்குள் நாலு பேர் நின்றோம். கோயிலுக்குள் திரையை விலக்கின நேரம் மாதிரி இருந்தது. அவள் மட்டும் தரையில் கிடந்த தகரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மற்ற டயர்களையும் மாட்டி முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம். ஜீப் ரெண்டு விரற்கடை வளர்ந்து வேறு வண்டியாக நின்றது.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே நாலு பேரும் கிளம்பினோம். எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. டயர் நான் மாட்டியது, அதனால் வருகிறேன் என்றேன். உண்மையில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழிலரசனை வீட்டில் இருக்கச் சொன்னாள் வனிதா. அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ஆவுடையார்கோவில் தாண்டியபோது வெளுத்திருந்தது. தார்ச்சாலையை விட்டு இறங்குகிற இடத்தில் ஆத்மநாதன் ஒரு நிமிசம் நிறுத்தினார். எதிரே வானமும் தண்ணீரும்தான். நடவு வயல்கள் முழுகி, கண்மாய்க்கரை மட்டும் கருத்த முதுகுபோல நீண்டு கிடந்தது. கொக்குகள் வரப்பு இருந்த இடங்களில் வரிசையாக நின்று வரப்பைக் காட்டின. அத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. காற்று வீசினால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சிலிர்த்தது.

"போங்கண்ணே" என்றாள் வனிதா.

ஜீப் இறங்கியது. பட்டன்கள் களியைக் கவ்வி எடுத்துப் பின்னால் எறிந்தன. ஊர்ந்தது, வழுக்கியது, நிற்கவில்லை. ஏழு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில் வாசலில் நின்றோம்.

சின்னப்பிள்ளை நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முகம் உப்பிக் கண் சின்னதாகிவிட்டது. ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அவளை முன்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தோம். டயரைப் பார்த்து, "ஆத்தாடி, யானைக் காலு" என்றாள்.

திரும்பும்போதுதான் சோதனை வந்தது. கரையின் நடுவில், கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடுகிற கால்வாய், வாரி என்பார்கள். வரும்போது முழங்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீர் அரை மணி நேரத்தில் ஏறியிருந்தது. வலது ஓரம் அரித்துக்கொண்டு போய்ப் படிபோல உடைந்து நின்றது. அதில் வலது சக்கரத்தை ஏற்றித்தான் தாண்டவேண்டும். அதுவும் முழுக்க ஒடித்து.

"நிறுத்துங்க" என்று வனிதா இறங்கினாள். எழிலரசன் அவள் முந்தானையைப் பிடித்தான். "எங்க போற?"

"நான் வெட்டுனது. பக்கத்துல நின்னு பாக்கணும். சிக்குனா ஒடனே நிறுத்தச் சொல்லணும்ல."

நானும் இறங்கினேன். முழங்காலுக்கு மேலே தண்ணீர், அதன் கீழே கணுக்கால் வரை களி. அவள் ஒரு கையால் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சக்கரத்துக்கு அருகே வைத்தபடி நடந்தாள். ஆத்மநாதன் ஸ்டியரிங்கை ஒடித்தார். என்ஜின் உறுமியது. சக்கரம் உடைந்த கரையில் முட்டி, சுற்றி, சுற்றி, பிடித்தது. பிறகு ஏற ஆரம்பித்தது.

அதை எப்படிச் சொல்வது. அந்தப் பெரிய கருத்த டயர் தண்ணீர் சொட்டச் சொட்ட மெல்ல மேலே வந்தது. நேராக அந்த இரும்பு ஓரத்தை நோக்கி வந்தது. இதோ கடிக்கப் போகிறது என்று என் பல் கூசியது. அது வளைவுக்குள் போனது. திரும்பிக்கொண்டே போனது. பின்மூலையில் அந்த ஒன்பது செதில்களுக்குப் பக்கத்தில் ஒரு விரல் இடம் விட்டு, அவள் புள்ளி வைத்த ஒவ்வொரு இடத்தையும் தொடாமல் கடந்து போனது. பட்டறையில் அசிங்கமாகத் தெரிந்த அந்தக் கோணல் கோடு எதற்காக அப்படி இருந்தது என்று அப்போது புரிந்தது. சக்கரம் அந்த வடிவத்தில்தான் நடந்தது. அவள் அதை முந்தின நாளே பார்த்துவிட்டாள். தண்ணீர் சத்தமும் என்ஜின் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. இரும்பின் சத்தம் இல்லவே இல்லை.

"போங்க, போங்க, போங்க" என்று அவள் கதவைத் தட்டினாள். முகம் முழுக்கச் சேறு. பல் மட்டும் தெரிந்தது.

வலது சக்கரம் மேலே ஏறி நின்றது. இடது சக்கரம் பள்ளத்திலிருந்து கிளம்பியது. அப்போது கேட்டது. கிர்ர்ர் என்று ஒரு உரசல். ஒரு நொடிதான். டயர் லேசாகத் தேய்ந்து, வழுக்கி, மேலே வந்துவிட்டது.

தார்ச்சாலை ஏறியதும் எழிலரசன் நிறுத்தச் சொன்னான். இறங்கி இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். மேல் ஓரத்தில் ரெட் ஆக்சைடு போய் வெள்ளையாக ஒரு கோடு. நிமிர்ந்தான். என்ன சொல்வானோ என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சிரித்தான். கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுச்சாலையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தான்.

"எம் பக்கந்தான் ஒரசுது" என்றான். "அவ பக்கம் ஒரு கீறல் இல்ல. அண்ணே, திங்கக்கெழமை வண்டியக் கொண்டாங்க. இடது பக்கத்தையும் அவளே பாக்கட்டும்."

"அது ஒண்ணுமில்ல, ஒரு நூலு மடிச்சா போதும்" என்றாள் வனிதா. "ஏறுங்க, நேரமாச்சு."

ஜீப் புதுக்கோட்டையை நோக்கி ஓடியது. அறந்தாங்கி வருவதற்குள் வனிதா தூங்கிவிட்டாள். ரெண்டு இரவு அவள் கண் மூடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. இடுப்புவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. தலை ஆடி ஆடிக் கூரைக் கம்பியில் இடிக்கப் போக, எழிலரசன் தன் இடது கையை நடுவில் கொடுத்தான். அது அப்படியே அங்கே இருந்தது.

முன்சீட்டில் சின்னப்பிள்ளைக்கு மூச்சு விசில்போலக் கேட்டது. ஆத்மநாதன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். எதிரே வேகத்தடை. அவர் வேகத்தைக் குறைக்கிற மாதிரி தெரியவில்லை. சின்னப்பிள்ளை வீங்கிய கையை அவர் கையின்மேல் வைத்தாள். ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

"மெதுவா ஏத்துங்க. அந்தப் புள்ள தூங்குது."